கைமாற்றும் சொல்

நான் உட்கார்ந்து எழுதுகிறவன் அல்லன். ஒரு பத்தி முடிந்ததும் எழுந்து, கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்துவிட்டு வந்தால்தான் அடுத்த வாக்கியம் அமையும். “உட்காருங்க ரீ, நாற்காலி கடிக்காது” என்பாள் என் மனைவி. ‘ரீ’ என்பது கன்னடப் பெண்கள் கணவனை அழைக்கும் மரியாதைச் சொல். அவள் போன மாசியில் இறந்துபோனாள். தடுக்க ஆள் இல்லாததால் இப்போது எழுத்து குறைந்து நடை கூடியிருக்கிறது.

எழுத நினைத்தது அவளைப் பற்றி அன்று. தொண்ணூறுகளின் நடுவில், ஓசூருக்கு வெளியே ஓர் ஓடுபாதையை ஒட்டி இயங்கிய சிறிய விமானப் பயிற்சிப் பள்ளியில் நான் பாடத்திட்டம் வகுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே ஓர் ஆடி மாதத்தில் நடந்ததைத்தான் எழுத நினைத்தேன். எங்கே தொடங்கினாலும் வழி வீட்டுக்கே திரும்புகிறது, திரும்பட்டும்.

கல்லூரியில் காற்றியக்கவியல் கற்பித்து, முன்னதாகவே ஓய்வு பெற்றவன் நான். கல்வியியலிலும் ஒரு பட்டம் பெற்றிருந்தேன். விமானம் ஓட்டத் தெரியாது. விமானம் ஏன் மேலெழுகிறது என்று கரும்பலகையில் நிறுவத் தெரியும்; அதை மேலெழுப்ப வேறு ஆள் வேண்டும். என்னை எதற்காகச் சேர்த்தார்கள் என்றால், அந்தப் பள்ளியில் பாடங்களுக்கு ஒரு வரிசையே இல்லை. பயிற்றுநர் அன்று எந்த மனநிலையில் இருந்தாரோ அதுவே அன்றைய பாடம். நேராகப் பறக்கக் கையில் உறுதி வராத மாணவனுக்குச் செங்குத்தான திருப்பம் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அவன் மிரண்டுபோய் வந்தால் அவனுக்குத் தைரியம் போதாது என்று முடிவு கட்டுவார்கள்.

ஒவ்வொரு பறப்புக்கும் ஒரு பக்கம் என்று எழுதத் தொடங்கினேன். இன்று எதைக் கற்க வேண்டும். அதற்கு முன் எது கைவந்திருக்க வேண்டும். தரையில் எதைச் சொல்வது. வானில் ஆசிரியர் எதைச் செய்து காட்டுவது. மாணவர் எதைத் தானே செய்து பார்ப்பது. வழக்கமாக எங்கே தவறு நேரும். இறங்கிய பின் என்ன பேசுவது. படிப்பதற்கு எளிது. எழுதும்போது ஒவ்வொரு வரியும் என்னை நாற்காலியை விட்டு எழுப்பியது. ஆசிரியர் செய்து காட்டுவதற்கும் மாணவர் செய்து பார்ப்பதற்கும் இடையில் ஒரு கணம் இருக்கிறது. இருவர் முன்னாலும் தனித்தனியே விமானத்தை இயக்கும் பிடி, ஸ்டிக், உண்டு. ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும். அந்த ஒரு கணத்தில் விமானம் யார் கையில் இருக்கிறது என்பதில் இருவருக்கும் ஐயம் இருக்கக் கூடாது. அந்த இடத்தில் நான் எழுதியிருந்த வரி இது: ‘கைமாற்றம் தெளிவான சொற்களால் நிகழ வேண்டும்.’ அதற்கு ‘ஐ ஹேவ் கன்ட்ரோல்’ என்று உலகெங்கும் வழங்கும் ஆங்கிலத் தொடர் இருந்தபடியால், எந்த மொழியில் என்று எழுதும் அவசியம் எனக்குத் தோன்றவில்லை.

தலைமைப் பயிற்றுநர் என் திட்டங்களை விரலிடுக்கில் பிடித்து ஆட்டுவார். “பேப்பர்ல பிளேன் பறக்குமா புரொபசர்?” கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம், ஆனேக்கல் பகுதிக்காரர், ராணுவத்தில் பறந்துவிட்டு வந்தவர். தாய்மொழி கன்னடம், தமிழும் தடையின்றிப் பேசுவார். பறப்பதில் அவருக்கு இருந்த கண்டிப்பு பேச்சில் இல்லை. யாரையும் ஒருமையில் அழைத்து நான் கேட்டதில்லை. மெக்கானிக், காவலாளி, தேநீர் கொண்டு வருபவர், எல்லோருக்கும் பன்மைதான். ஓடுபாதையின் குறுக்கே படுத்திருந்த நாயை ஒரு நாள் “ஹோகி, ஹோகி” என்று விரட்டினார். ‘போங்கள், போங்கள்’ என்று பொருள். நாய் எழுந்து போயிற்று. “பாத்தீங்களா, மரியாதை கொடுத்தா நாயும் போகுது” என்றார்.

அந்த ஆடியில் அவர் ஒரு மாணவியைப் பயிற்சியிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்று சொன்னார்.

அவளுடைய தந்தை கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்து, ஓசூர்ப் பேருந்து நிலையத்துக்கு அருகில் தொழிற்சாலைகளுக்கு நட்டு, போல்ட்டு, ஸ்பேனர் விற்கும் கடை வைத்திருந்த முஸ்லிம் வணிகர். மகள் பள்ளிப்படிப்பை ஊரிலேயே முடித்துவிட்டு, அதற்கு முந்தைய ஆண்டுதான் ஓசூருக்கு வந்திருந்தாள். தலையில் சுற்றிய துணியின் மேல் ஹெட்போனைப் பொருத்திக்கொள்ள அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. அதைக் கண்ணாடி பார்க்காமல் செய்வாள். தரைப்பாடங்களில் நான் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, நான் கேட்காமல் விட்ட கேள்வியையும் கேட்பாள். ஆடிக் காற்று ஓடுபாதையைக் குறுக்காக அறைந்துகொண்டிருந்த ஒரு காலையில், பறப்பை ரத்து செய்யலாமா என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, “ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்பாங்க சார், இந்த பிளேன் பறக்காதா?” என்றாள். பயிற்றுநரே சிரித்துவிட்டார்.

சிரித்தவர்தான் நீக்கச் சொன்னார். காரணம் ஒன்றே. தரைக்குச் சற்று மேலே, விமானம் இறங்கியும் இறங்காமலும் மிதக்கும் அந்தச் சில அடிகளில், அவர் விடச் சொன்னால் அவள் ஸ்டிக்கை விடுவதில்லை. விடாதது மட்டுமன்று, இன்னும் இறுக்கிப் பிடிக்கிறாள்.

“பயத்துல உறைஞ்சு போறாங்க. நல்ல பொண்ணு, புத்தி இருக்கு. ஆனா உறையற கை ஒரு நாளைக்கு ரெண்டு பேரையும் சாவடிக்கும்.”

பயிற்சிப் பள்ளிகளில் ‘உறைகிறாள்’ என்பது தீர்ப்பு. வேறெந்தக் குறைக்கும் திருத்தம் உண்டு, அதற்கு இல்லை. அந்த வார இறுதியில் கடைசியாக ஒரு பறப்பு. அதிலும் அப்படியே நடந்தால் அவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இறங்கும் பாடத்தின் திட்டம் நான் எழுதியது. அதற்கு முந்தைய பாடங்களில் எதையோ தாவிவிட்டேனா, அவள் கை பழகுமுன் அவளைத் தரைக்கு அருகே கொண்டுபோய்விட்டேனா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. விமானம் நிறுத்தும் கூடாரத்துக்கும் அலுவலறைக்கும் இடையே எத்தனை தடவை நடந்தேன் என்று தெரியவில்லை. காற்றின் திசை காட்டும் துணிக்குழாய் கம்பத்தில் ஓயாமல் படபடத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருந்தது.

தந்தை தம் மொபெட்டில் வந்து சேர்ந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். கையிலிருந்த எண்ணெய்க் கறையைத் துடைத்தபடி என்னிடம் நின்றார்.

“கெட்டியாப் பிடிக்கிறா, அதான் குத்தம்னு சொல்லுதாக. எனக்கு விளங்கல சார். நட்டு டைட்டா இருக்கிறது நல்லதுதான?”

“சில நட்டு தேவைப்படும்போது கழல வேண்டும், பாய்” என்றேன்.

“கழலுத நட்டை நான் விக்கிறதே இல்லியே” என்றார். சிரிக்க முயன்றார். பிறகு தாழ்ந்த குரலில், “கடைக்கு வாரவன் போறவன்கிட்டல்லாம் சொல்லிட்டேன் சார், எம்மவ பிளேன் ஓட்டுதான்னு” என்றார்.

பயிற்றுநரிடம் போய், அந்தக் கடைசிப் பறப்புக்கு முன் நடக்கும் பறப்பில் பின்னிருக்கையில் என்னை ஏற்றிக்கொள்ளும்படி கேட்டேன். திட்டம் பிழையா, மாணவி பிழையா என்று நேரில் பார்த்துவிட வேண்டும் என்றேன். “வாங்க, வாங்க. பேப்பரை மட்டும் கீழே வெச்சிட்டு வாங்க, வெயிட் கூடும்” என்றார்.

அந்த நாலு இருக்கை விமானத்தில் முன்னால் இருவரும், பின்னால் நானும். எனக்கும் ஒரு ஹெட்போன் தந்திருந்தார்கள். அதில் இரைச்சலுக்கு நடுவே குரல்கள் கரகரவென்று வந்தன. அவள் மேலே ஏற்றியதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. சானமாவுக் காடு இறக்கையின் கீழ் கரும்பச்சையாக விலகியது. வட்டமடித்துத் திரும்பும்போது, ராகிக் கொல்லைகளின் மேல் எங்கள் நிழல் சாய்ந்து ஓடியது. காற்று எங்களைப் பக்கவாட்டில் தள்ளியது. அவள் விமானத்தின் மூக்கைக் காற்றுக்குத் திருப்பி, ஓடுபாதையின் நேர்கோட்டைக் கண்ணால் பிடித்துக்கொண்டு வந்தாள். பாடப்புத்தகத்தில் படமாகப் போடலாம். என் திட்டம் நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒரு நிமிடம் நினைத்தேன்.

தரை நெருங்கியது. அவள் ஸ்டிக்கைச் சற்று அதிகமாக இழுத்தாள்; புதிதாகக் கற்கும் எல்லோரும் செய்வதுதான். விமானம் இறங்குவதை மறந்து மேலே மிதந்தது. பயிற்றுநர் தம் ஸ்டிக்கில் கை வைத்தார். விட்டுவிடும்படி இருமுறை சொன்னார். என் காதிலும் தெளிவாக விழுந்தது. அவள் தோள் விறைத்தது. மணிக்கட்டின் நரம்பு புடைத்தது. அவள் பிடியை இறுக்கினாள். ஒரே விமானத்தை இரண்டு கைகள் எதிரெதிரே இழுப்பதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். சக்கரம் தரையில் மோதி, எம்பி, மறுபடி மோதியது. அவர் பலங்கொண்ட மட்டும் ஸ்டிக்கைப் பிடுங்கி, எஞ்சினை முழு வேகத்துக்குக் கூட்டி, மீண்டும் மேலே கொண்டுபோனார். அதன் பிறகு அவரே இறக்கினார்.

கீழே இறங்கிய பின் கேட்டார்: “ஏன் பயந்தீங்க?”

“சாரி சார்” என்றாள்.

“பயப்படறது தப்பில்லை. பயந்து விடாம இருக்கறதுதான் தப்பு.”

“சாரி சார்.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் தலையசைத்தேன். என் கண்ணால் பார்த்தேன், காதாலும் கேட்டேன். மறுக்க என்ன இருக்கிறது?

மாலையில் வீட்டுக்கு வந்தும் உட்கார முடியவில்லை. என் மனைவி பெண்கள் பள்ளியில் கணித ஆசிரியை. விடைத்தாள்களை மேசையில் அடுக்கிவைத்துத் திருத்திக்கொண்டிருந்தாள். நான் நடந்துகொண்டே நடந்ததைச் சொன்னேன். அவள் தலை நிமிராமல் கேட்டாள். கணக்கில் எந்த வரியில் பிசகியது என்று பார்க்கும் பழக்கம் அவளுக்கு எல்லாவற்றிலும் உண்டு.

“அவர் என்ன சொன்னார்?”

“விடச் சொன்னார்.”

“அது இல்ல ரீ. என்ன வார்த்தை சொன்னார்?”

நின்றேன். நினைத்துப் பார்த்தேன். அதுவரை நான் பொருளைத்தான் நினைவில் வைத்திருந்தேன், சொல்லை அன்று. “பிடி, பிடி என்றார்” என்றேன்.

அவள் சிவப்புப் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். இடது கையை என் முகத்துக்கு நேரே தூக்கி, ஆள்காட்டி விரலை மட்டும் ஆட்டிக் காட்டினாள். “பீரோ ரீ, பீரோ!”

இதைத் தமிழில் எழுதுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. தமிழில் ‘பிடி’ என்றால் பற்றிக்கொள். கன்னடத்தில் அதற்கு ‘ஹிடி’ என்பார்கள். கன்னடத்தில் ‘பிடி’ என்றால் விட்டுவிடுங்கள். நம்முடையது ‘பழம்’ என்பதில் வரும் ப. அவர்களுடையது ‘பஸ்’ என்பதில் வரும் ப. வேறுபாடு அவ்வளவே. உதட்டில் தெரியும் அந்த வேறுபாடு இரைச்சலில் தெரியாது. நம் எழுத்திலும் தெரியாது.

பீரோவின் கதை எழுபதுகளைச் சேர்ந்தது. திருமணமான புதிதில், ஓசூரில் தொழிற்பேட்டை எழும்பிக்கொண்டிருந்த நாட்களில், ஒரு மாடி வீட்டுக்குக் குடிபோனோம். இரும்புப் பீரோவை நான் கீழ்ப்பக்கமும் அவள் மேற்பக்கமுமாகப் படியில் ஏற்றினோம். திருப்பத்தில் அவளுடைய விரல் சுவருக்கும் பீரோவுக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. வலியில் தாய்மொழிதான் வந்தது. “பிடி, பிடி!” என்று அலறினாள். நான் நல்ல கணவனாகப் பீரோவை இன்னும் இறுக்கிப் பிடித்து மேலே தள்ளினேன். அவள் அலற அலறத் தள்ளினேன். நகம் கறுத்து விழுந்து, புதிதாக முளைத்தது நடுவில் ஒரு வரப்போடு முளைத்தது. அது பிறகு மறையவே இல்லை. விருந்தினர் வரும்போதெல்லாம் அந்த விரலைக் காட்டி, “இவர் என்னை விடவே மாட்டார்” என்று சொல்லிச் சிரிப்பாள்.

அந்தக் கதையை அத்தனை தடவை கேட்டவனுக்குத்தான், பின்னிருக்கையில் அந்தச் சொல்லைக் கேட்டபோது எதுவும் உறைக்கவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவள் வீட்டில் சொல்லிச் சொல்லி, ‘பிடி’யின் இரண்டு பொருளும் என் காதில் தாமாகவே பிரிந்துபோயிருந்தன. எந்த ‘ப’ என்று நான் யோசிப்பதே இல்லை. அவள் குரலில் கேட்டுப் பழகிய சொல் அவர் குரலில் வந்தபோதும், விடு என்றே கேட்டது.

“அந்தப் பொண்ணு எதுக்கு ரீ விடணும்?” என்றாள் மனைவி. “வாத்தியார் பிடின்னார், அது பிடிச்சது. நூத்துக்கு நூறு போடுங்க.”

மறுநாள் காலையில் பயிற்றுநரைக் கூடாரத்தில் பிடித்தேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

“நான் காக்பிட்ல கன்னடா பேசறதா? சான்ஸே இல்லா புரொபசர். வீட்ல தூங்கும்போது கனவுலகூட ரேடியோ இங்கிலீஷ்தான் வரும் எனக்கு.”

“நேற்று இருமுறை சொன்னீர்கள்.”

“நான் ‘ஐ ஹேவ் கன்ட்ரோல்’னேன்.”

“அது மேலே. தரைக்கு அருகில் வேறு சொன்னீர்கள்.”

எஞ்சின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்த மெக்கானிக் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஓசூரிலேயே பிறந்தவர். வீட்டில் தெலுங்கு, மாமியார் வீட்டில் கன்னடம், தெருவில் தமிழ். தலையை வெளியே எடுக்காமலே சொன்னார்:

“இது எங்கூர்ல பழைய கதை சார். சந்தையில மாடு திமிறிக்கினு ஓடுது. பின்னாடி வர்றவன் ‘பிடி, பிடி’ன்னு கத்தறான். தமிழ்க்காரன் கவுத்தப் புடிச்சிக்கினு இழுபட்டுப் போறான். கன்னடக்காரன் வுட்டுட்டுக் கைகட்டி நிக்கறான். மாடுதான் எந்த பாஷையும் எனக்கு வேணாம்னு போயிகினே இருக்குது.”

பயிற்றுநர் சிரிக்கவில்லை. “அவங்களைக் கூப்பிடுங்க” என்றார்.

அவள் வந்தாள். தீர்ப்பைச் சொல்லப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டாள் போலும்; ஹெட்போனைத் திருப்பித் தருவதற்காகக் கையிலேயே கொண்டு வந்திருந்தாள்.

“நேத்து லேண்டிங்ல நான் என்ன சொன்னேன்?” என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “பிடின்னு சொன்னீங்க சார்.”

“நீங்க?”

“பிடிச்சேன்லா சார்.”

மெக்கானிக் எஞ்சினிலிருந்து தலையை வெளியே எடுத்தார்.

“எல்லா தடவையும்?”

“எல்லா தடவையும் பிடிபிடின்னு சொல்லுவீங்க. நானும் பிடிப்பேன். அப்புறம் கீழ வந்து ஏசுவீங்க. இன்னும் கெட்டியாப் பிடிக்கணும்போலன்னு நெனச்சுக்கிட்டேன்.”

“இதை ஏன் மொதல்லயே சொல்லலே நீங்க?”

“நீங்க கேட்டது ஏன் பயந்தேன்னுல்லா சார்? பயப்படலன்னு சொன்னா எதுத்துப் பேசுத மாதிரி இருக்கும்.”

அவர் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை. “அய்யோ ராமா” என்றார் மெதுவாக. பிறகு, “நான் மரியாதை கொடுத்துச் சொன்னேன்” என்றார்.

அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் மற்றவர்களைப் போல் ஒருமையில் அதட்டியிருந்தால், கன்னடத்தில் அது ‘பிடு’ என்று வந்திருக்கும். நம் ‘விடு’வின் உடன்பிறப்பு, அவள் காதில் ‘விடு’ என்றே விழுந்திருக்கும். விட்டிருப்பாள். நாய்க்கும் பன்மை கொடுக்கும் ஒரு மனிதரின் பணிவு, ஒரு பெண்ணை உறைந்தவளாக்கி வைத்திருந்தது.

“இனிமே சொல்ல மாட்டேன்” என்றார். உடனே தலையை ஆட்டினார். “இல்லா. பொய் சொல்லக் கூடாது. தரை எழுந்து வரும்போது என் வாய்ல எந்த பாஷை வரும்னு எனக்கே தெரியாது.”

ஆகவே சொல்லை நம்பாத ஒரு வழி வேண்டியிருந்தது. மற்ற இடங்களில் மாணவனின் கையைத் தட்டுவார்கள். அவர் தயங்கினார்; அவளைத் தொட்டுச் சொல்லிக் கொடுப்பதில்லை என்று தொடக்கத்திலேயே ஒரு வரம்பு வைத்திருந்தார். கடைசியில் கருவிகள் பதித்த முன்பலகையின் மேல் உள்ளங்கையால் தட்டுவது என்று முடிவாயிற்று. தட்டினால் விட வேண்டும். வாய் என்ன சொன்னாலும் சரி. புறப்படுமுன் தரையிலேயே இருவரும் அதை ஒத்திகை பார்க்க வேண்டும் என்று திட்டத்தில் சேர்த்தேன். இறங்கிய பின் நடக்கும் பேச்சில் மாணவர்தான் முதலில் பேச வேண்டும் என்பதையும் சேர்த்தேன். இதுவரை அந்த வரிசை தலைகீழாக இருந்தது. யாருக்கும் அது குறையாகத் தெரிந்ததில்லை.

கடைசிப் பறப்பு நாள் வந்தது. காற்று தணிந்திருக்கவில்லை. இம்முறை எனக்குப் பின்னிருக்கை இல்லை, தரையில் நின்றேன். நின்றேன் என்பது பேச்சு வழக்கு. ஓடுபாதை ஓரத்தில் கம்பிவேலி நெடுக நடந்தேன். வேலிக்கு வெளியே மொபெட்டை நிறுத்திவிட்டுத் தந்தையும் நான் போகும் திசையிலேயே நடந்தார். நான் திரும்பினால் அவரும் திரும்பினார். இடையில் வேலி.

“வீட்ல இருந்தா இருப்புக் கொள்ளல சார்” என்றார்.

“எனக்கும்தான்.”

விமானம் காட்டுப் பக்கமிருந்து திரும்பி, மூக்கைக் காற்றுக்குச் சாய்த்தபடி இறங்கி வந்தது. தரைக்குச் சற்று மேலே வழக்கம்போல் மிதந்தது. தந்தை கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தார். நான் மூடவில்லை. ஒரு சிறு தயக்கம். மூக்கு மெல்லத் தாழ்ந்தது. சக்கரங்கள் ஒரு தூசிக்கோடு கிழித்து உருண்டன. எம்பவில்லை.

இறங்கி வந்தபோது அவள் முகத்தில் சிரிப்பை அடக்கும் முயற்சி தெரிந்தது. புதிய விதிப்படி அவள்தான் முதலில் பேச வேண்டும்.

“சார் மறுபடியும் ‘பிடி’ன்னாங்க” என்றாள்.

பயிற்றுநர் கையை விரித்தார். “தட்டவும் தட்டினேன் புரொபசர். ரெண்டும் செஞ்சேன்.”

“நீ என்ன செய்தாய் அம்மா?” என்றேன் அவளிடம்.

“விட்டுட்டேன்லா.”

வேலிக்கு அப்பாலிருந்து தந்தை கத்தினார்: “பிடிச்சாளா சார்?”

“விட்டாள், பாய்!” என்று கத்தினேன். அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று அவருக்கு உடனே விளங்கவில்லை. மெக்கானிக் போய்ச் சொல்லிப் புரியவைத்தார். வேலியைப் பிடித்துக்கொண்டு அவர் வெகுநேரம் நின்றார்.

அவள் நீக்கப்படவில்லை. ஆவணி பிறந்து காற்று ஓய்ந்ததும், பக்கத்து இருக்கை காலியாக இருக்கத் தனியே ஏறி, ஒரு வட்டமடித்து இறங்கினாள். அன்று பயிற்றுநர் கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு ஓடுபாதை ஓரத்தில் நின்றார். விமானம் தரையை நெருங்கியபோது அவர் உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. இப்போது அவள் பெரிய விமானங்கள் ஓட்டுகிறாள். போன மாசியில் வீட்டுக்கு வந்திருந்தாள். எனக்காக நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, நான் உட்காராததால் தானும் நின்றாள்.

இதுவரை எழுதிவிட்டு எழுந்து நடந்தேன். எழுதாமல் விட்டுவிடலாம் என்றும் நினைத்தேன். ஆனால் வரிசைப்படி இது வருகிறது.

கடைசி வாரத்தில் தமிழ் என் மனைவியிடமிருந்து மெல்ல விலகிவிட்டது. கன்னடம் மட்டும் எஞ்சியது. அதிலும் சில சொற்கள். நான் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். எழுந்து நடக்காமல் அத்தனை நேரம் உட்கார்ந்தது என் வாழ்நாளில் அப்போதுதான். அவளுடைய இடது கை என் கைக்குள் இருந்தது. ஆள்காட்டி விரலின் நகத்தில் அந்த வரப்பு என் பெருவிரலுக்குத் தட்டுப்பட்டது. அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, தெளிவாகச் சொன்னாள்:

“பிடி.”

இலக்கணப்படி இதில் ஐயத்துக்கு இடமில்லை. தமிழில் அவள் என்னை ஒருநாளும் ஒருமையில் பேசியதில்லை. பற்றிக்கொள்ளச் சொல்லியிருந்தால் ‘பிடிங்க’ என்றிருப்பாள். அது ‘பஸ்’ என்பதில் வரும் ப. அறையில் இரைச்சலும் இல்லை. கை வலித்திருக்கலாம். திரும்பிப் படுக்க நினைத்திருக்கலாம். என்ன சொன்னாள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் பிடித்துக்கொண்டேன்.